உலகம் அழிந்த பிறகு, வழி: கடலூர்

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைக்குப் பெரிய செலவே கிடையாது. நாலு துருப்பிடித்த தகரம், ஒரு கிழிந்த கோணி, தண்ணீர் கேனுக்காக ஓர் அடிதடி. 1979-இல் 'மேட் மேக்ஸ்' எடுத்த ஜார்ஜ் மில்லர் தொழிலால் டாக்டர். சொற்பக் காசில் நாகரிகத்தை முடித்துவைத்தார். தமிழிலும் இதே வகைப் படமாக 2025-இல் 'கலியுகம்' வந்தது.

எங்கள் கடலூர்க்காரர்களுக்கு மட்டும் இந்தப் படங்களைப் பார்த்தால் பயம் வராது, ஊர் ஞாபகம்தான் வரும். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் செட் மொத்தத்தையும் இலவசமாகவே போட்டுக் கொடுத்தது. மின்கம்பங்கள் இடுப்பொடிந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு மல்லாந்திருந்தன. தெருமுனையில் ஜெனரேட்டர் வைத்து, செல்போனுக்கு சார்ஜ் ஏற்றப் பத்து ரூபாய் வாங்கினார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "தம்பி, பேரு எழுதி ஒட்டுப்பா. எல்லா போனும் ஒரே மாதிரி இருக்கு" என்றார். இந்த மாதிரி வசனத்தை எந்த ஹாலிவுட்காரனும் எழுதவில்லை.

சிதம்பரத்தார் எங்களுக்கும் மேலே. அழிப்பவரே ஆடிக்கொண்டு நிற்கிற ஊர்; அவருக்கு வருஷத்துக்கு இரண்டு தேர் வேறு. அங்கே ஒரு தியேட்டரில், திரையில் பூமி பிளந்துகொண்டிருந்தபோது, பக்கத்து சீட் மாமா என் தோளைத் தட்டினார்:

"இன்டர்வெல்லுக்கு இன்னும் எவ்வளவு நேரம், சார்?"