உஸ்தாத் முன்னால் ஓர் அபிப்பிராயம்

பட்டாளத்துக்குப் போகிற பையனுக்கு ஊரில் கிடைக்கிற புத்திமதி எல்லாமே உடம்பைப் பற்றியதுதான். முட்டை தின்னு, சங்குத்துறை மணலில் ஓடு, தண்டால் எடு. எனக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கையில்லை. பயிற்சி முகாமில் உடம்பு எப்படியோ தப்பித்துவிடும். அடிபடப் போவது அபிப்பிராயம். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு அதனால் கஷ்டம் இரட்டிப்பு. சதை இல்லாத ஆளை இங்கே காட்டிவிடலாம், அபிப்பிராயம் இல்லாத ஆளைக் காட்டுவது சிரமம்.

உடம்புக் கணக்கைத்தான் சேருமுன்பே தீர்த்துவிடுகிறார்களே! 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். கம்பியிலும் முழு மதிப்பெண்ணுக்குப் பத்துத் தடவை தன்னைத்தானே தூக்க வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். அப்புறம் டாக்டர் பல், காது, முட்டி, உள்ளங்கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மாப்பிள்ளை பார்க்கப் போன தாய்மாமன்கூட இவ்வளவு துருவ மாட்டார். இத்தனையும் தேறி, மதராஸ் ரெஜிமெண்டும் கிடைத்து, நீலகிரிக் குளிரில் வெலிங்டன் மையத்தில் போய் இறங்குகிறவனுக்கு ஓடத் தெரியாது என்றா மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள்? அங்கே முதலில் போவது தலைமுடி. அதைப் பற்றி அவனிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கக்கூடாது. பூட்ஸ் மின்ன வேண்டும். கட்டளை இந்தியில் வரும், கால் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘எதுக்கு?’ என்று கேட்டால் பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் விளக்கம் சொல்ல மாட்டார், ஃப்ரண்ட் ரோல் போடச் சொல்வார். கேட்டவன் ஒருத்தன், உருளுவது பிளாட்டூன் முழுக்க. கல்யாண வீட்டு அவியலில் தேங்காய் குறைந்ததை ஒரு மாசம் பேசுகிற ஊர்க்காரன், பட்டாளச் சமையற்கூடமான லங்கரில் தட்டை நீட்டி, விழுந்ததைத் தின்று, தட்டைக் கழுவிவிட்டு வாய் திறக்காமல் வரிசையில் நிற்பதைப் பெற்ற தாய் பார்த்தால் நம்ப மாட்டாள்.

‘ஓய், டிரோன் சண்டை போடுகிற காலத்தில் பூட்ஸ் மின்னி என்ன ஆகப்போகுது?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். இதே மாதிரி ஒரு கேள்வி 1741-லேயே இங்கே எழுந்திருக்க வேண்டும். குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயையே தன் படையைப் பழக்க வைத்துக்கொண்டார். தோற்றவன் சொல்லி ஜெயித்தவன் கேட்பதா என்று நாலு பேராவது முணுமுணுத்திருப்பார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆனால் படை அவர்கள் பக்கம் இல்லை. டிலனாய் ‘வலிய கப்பித்தான்’ என்கிற பெரிய படைத்தலைவர் ஆகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் சமாதி கொண்டிருக்கிறார். திருவிதாங்கூரின் நாயர் பிரிகேடோ இன்று மதராஸ் ரெஜிமெண்டின் 9-வது பட்டாலியன். பூட்ஸ் மின்னுவதன் பலனும் இப்படிப் பிறகுதான் தெரியும்: தூக்கக் கலக்கத்தில், காரணம் தெரியாத வேலையைக்கூட ஒழுங்காகச் செய்கிறவன், காரணம் கேட்க நேரமில்லாத இடத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கு உதவுவான். டிரோனை இயக்குகிறவனுக்கும் இது பொருந்தும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கேள்வி கேட்கிற புத்தியையே அழித்துவிட்டால் மனுஷன் மரக்கட்டையாகிவிட மாட்டானா? இப்படிக் கேட்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஒரு முன்னாள் பட்டாளத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. பாலத்தின் அகலம், பாகிஸ்தான், பேரனின் தலைமுடி, எதிலும் அவருக்குத் தீர்ப்பு உண்டு, அதுவும் கட்டளைக் குரலில். ஆக, அபிப்பிராயம் அழிவதில்லை, டெபாசிட்டில் கிடக்கிறது. முன்பு பென்ஷனுக்குக் குறைந்தது 15 வருஷம் கழிய வேண்டும். அதுவரை ஊர் நிம்மதியாக இருந்தது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலே வருஷம், அதன்பின் தொடர்கிறவர் அதிகபட்சம் நாலில் ஒருவர். மற்ற மூன்று பேரும் மீசை தடிப்பதற்குள், கையில் சேவா நிதிப் பணத்தோடும் நாலு வருஷம் பேசாமல் சேர்த்துவைத்த எல்லாவற்றோடும், காலை ஐந்து மணிக்கே குளித்துத் தலைசீவி வந்து நிற்பார்கள். வடசேரி டீக்கடைக்காரர்கள் இப்போதே இரண்டு பெஞ்ச் கூடுதலாகப் போட்டுவைக்கலாம்.