மஞ்சப் பையும் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியும்

வாங்க மாப்ள. வேப்பமரத்தடியில உக்காந்தாத்தான் கொஞ்சம் காத்து. பேத்தி எல்லாத்தையும் சொல்லிப்புட்டா. மதுரையில ஆஸ்பத்திரி கட்டி, ஏசி போட்டு, வாசல்ல கண்ணாடி மாட்டி, இப்ப கத்தி கத்திரி அவிக்கிற அறையே காசைத் தின்னுதுன்னு புலம்புறீகளாம். நான் சர்க்கார் ஆஸ்பத்திரி தியேட்டர்ல டிரம் தூக்குன ஆளு. ரிட்டயராகிப் பரளச்சியில வெள்ளாடு மேய்க்கேன். எம்.எஸ். படிச்சவருக்கு நான் என்னத்தச் சொல்ல? இருந்தாலும் பேத்தி வீட்டுக்காரரு கேட்டு, தெரியாதுன்னு சொன்னா எனக்கு மரியாதையா?

செலவைக் குறைக்கவே குறைக்காதீக. மருத்துவக் கழிவு போடுற மஞ்சப் பையில இன்னும் நெறையப் போடுங்க. கையுறை வந்த காகித உறையா, போடுங்க. ஊசி வந்த அட்டைப் பெட்டியா, போடுங்க. நர்சம்மா தின்ன வாழப்பழத் தோலா, அதுவும் கெடக்கட்டும். எங்க போயிச் சேருதுன்னு உங்களுக்கு என்ன கவலை? எங்க தாலுகாவுக்குத்தான் வருது. திருச்சுழி தாலுகா உண்டுறுமிகிடாக்குளத்துல மருத்துவக் கழிவை எரிக்கிற ஆலை இருக்கு, தெரியுமில்ல? மேகம் வராத சீமைக்குப் புகையாச்சும் வரட்டுமேன்னு நெனச்சிருப்பீக. நல்ல மனசு.

2016-ல வந்த சட்டத்துல பச்சப்புள்ளைக்கும் புரியுற மாதிரி கலர் கலராப் போட்டு வச்சிருக்கான். ரத்தம் தோஞ்ச பஞ்சு, அறுத்து எடுத்த சதை, இதெல்லாம் மஞ்சள், எரிக்க வேண்டியது. ரத்தம் பட்ட டியூப்பு, குளுக்கோஸ் செட்டு சிவப்பு. ஆவியில அவிச்சு, துண்டு துண்டா அரைச்சு, திரும்பப் பிளாஸ்டிக் ஆக்கலாம். ஊசிக்கு வெள்ளை டப்பா, கண்ணாடிக்கு நீலம். ஒரு சொட்டு ரத்தம் படாத அட்டையும் காகிதமும் எந்தக் கலருலயும் சேராது, அது சாதாக் குப்பை. பழைய பேப்பர்க்காரன் தராசோட வந்து காசு குடுத்து வாங்கிட்டுப் போவான். நீங்க என்னடான்னா அதைக் கட்டி, எடை போட்டு, காசு குடுத்து எரிக்கச் சொல்றீக. காசு வர வேண்டிய சாமானுக்குக் காசு குடுக்கிற தாராளம் எங்க ஊர்ல யாருக்கும் கெடையாது மாப்ள.

சரி, ஆபரேசன் சாமான் டிரேக்கு வருவோம். ஒரு ஹெர்னியா ஆபரேசனுக்கு உங்க செட்டைப் பிரிச்சா எத்தனை உருப்படி இருக்கு? எண்ணிப் பாத்திருக்கீகளா? எண்ணியிருக்க மாட்டீக, அது டெக்னீசியன் வேலை. ஒரு ஆளுக்குக் கஞ்சி ஊத்தக் கல்யாண மண்டபத்துப் பாத்திரம் பூராத்தையும் எறக்குன கதைதான் அது. அமெரிக்காவுல சிகாகோ யுனிவர்சிட்டி டாக்டர்மாரு பக்கத்துல நின்னு பாத்து 2014-ல எழுதியிருக்காக. டிரேயில இருக்கிற 100 சாமான்ல தொட்டுப் பயன்படுத்துனது 13-லயிருந்து 22 தான். காது மூக்கு ஆபரேசன்ல 13, மூளை ஆபரேசன்ல 22. மிச்சமெல்லாம் சும்மா வந்து வேடிக்கை பாத்துட்டுத் திரும்பப் போயிக் குளிச்சு, திரும்ப வெந்து, திரும்பத் துணி சுத்திப் படுத்துக்கிடுது.

இது எப்படி ஆகுதுன்னு நான் சொல்றேன். ஒரு காலத்துல ஒரு பெரிய டாக்டரு, பாதி ஆபரேசன்ல, "அந்த வளைஞ்ச கவ்வி எங்கடா?"ன்னு கத்தியிருப்பாரு. மறுநாள்லயிருந்து சிஸ்டரம்மா பயந்துக்கிட்டு எல்லா செட்டுலயும் ஒண்ணு சேத்திருப்பாங்க. அந்த டாக்டரு ரிட்டயராகி, மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிப் பேரன் வளக்காரு. அவரு கவ்வி மட்டும் இன்னும் உங்க தியேட்டர்ல தெனமும் குளிச்சுக்கிட்டு இருக்கு. எடுங்கன்னு சொல்ல ஒருத்தருக்கும் தைரியமில்ல. நீங்க முதலாளி, நீங்க சொல்லலாம். ஆனா சொல்லாதீக, டாக்டர்மாரு கோவிச்சுக்கிடுவாக. மூணு சர்ஜன், ஒரே ஆபரேசன், மூணு விதமான செட்டு, மூணு பேருக்கும் மூணு ராசி. அதுல கைய வைக்கிறதுக்குப் பதிலா இன்னொரு மிசின் வாங்கிறலாம். பேங்க்குக்காரன் கடன் குடுப்பான்.

பொழைக்கத் தெரியாதவன் என்ன செய்வான்னா, கூட நிக்கிற சிஸ்டரம்மா கையில ஒரு சீட்டைக் குடுத்து, தொட்ட சாமானுக்கு மட்டும் ஒரு கோடு போடச் சொல்லுவான். ஒரு மாசம் கழிச்சுக் கோடு விழாததையெல்லாம் டிரேயை விட்டு எறக்கிருவான். என்னைக்காவது உசுரு காக்க வேணுங்கிறதைத் தனித்தனிப் பொட்டலமா அவிச்சு, கைக்கெட்டுற அலமாரியில வச்சுக்கிடுவான். இதுக்குப் பத்துப் பைசா செலவில்ல. அதனாலதான் யாரும் செய்றதில்ல.

தண்ணின்னு சொன்னா எங்களுக்கு வாயில எச்சி ஊறும், எங்க ஊரு நெலமை அப்படி. கண்மாய் வருசத்துல பாதிநாளு ஆடு மேய்க்கத்தான் ஆகுது. சாமான் அவிக்கிற உங்க ஆட்டோக்ளேவ் மிசின் ராத்திரி பூரா வேலை இல்லாம முழிச்சுக்கிட்டு நிக்குமே, அது சும்மாவா நிக்கும்? சூடு குறையாம இருக்கக் கரண்டு குடிக்கும். பழைய மாடலா இருந்தா தண்ணியும் சாக்கடைக்குப் போயிக்கிட்டே இருக்கும். ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல ஒரு ஆஸ்பத்திரி, நாலு மிசினை ஒரு வருசம் கணக்கெடுத்து 2016-ல எழுதுனாக. கரண்டுல ஏறக்குறைய ஐஞ்சுல ரெண்டு பங்கும், தண்ணியில ஐஞ்சுல ஒரு பங்கும், ஒரு கத்திரி கூட உள்ள போகாத நேரத்துலயே காலி. சுவிச்சை அமத்துறதுக்கு ஒரு கட்டைவிரல் போதும். ஆனா "அவசர கேஸ் வந்தா?"ன்னு கேப்பீக. வரும்தான். அதுக்கு ஒரு மிசினை முழிக்க விடுங்க, எல்லாத்தையும் எதுக்கு?

இன்னொரு கூத்து, கால் டிரம் சாமானுக்கு முழு ஓட்டம். அதைச் சொன்னா, மறுநாள் கதவு மூட முடியாம திணிச்சு வைப்பாக. திணிச்சா ஆவி உள்ள போகாது. ஆவி போகணும்னாத்தான் இம்புட்டு ஏற்பாடும். வெந்நியில கொதிக்க வச்ச காலத்துல 100 டிகிரிக்கு மேல ஏறாது, சில கிருமி வெதை மாதிரி ஓட்டுக்குள்ள படுத்துக்கிட்டுத் தப்பிச்சுரும். அழுத்தம் குடுத்து 121 டிகிரி ஏத்தி 15, 20 நிமிசம் வச்சாத்தான் அதும் சாகும். 134-க்கு ஏத்துனா மூணு, நாலு நிமிசம். பிரான்சுல பாஸ்டர் கூட வேலை பாத்த சாம்பர்லேண்டுங்கிறவரு இந்த மிசினை 1879-ல செஞ்சாரு. அதே 1879-லதான் நம்ம திருச்சுழியில ரமணர் பொறந்தாரு. ஒருத்தர் ஆவியை அடக்குனாரு, ஒருத்தர் மனசை அடக்குனாரு. செலவை அடக்க எவனும் அந்த வருசம் பொறக்கல போலிருக்கு.

நான் சொன்னதுல இதுவரைக்கும் பாதி கேலி. இனிச் சொல்றதைக் கேலியா எடுத்துக்கிடாதீக. கழுவுறதுல மட்டும் காசு பாக்காதீக.

ஒரு ஆர்டரி ஃபோர்செப்ஸை எடுங்க. ரெண்டு காலும் சேருற இடத்துல ஒரு மூட்டு இருக்கு பாருங்க, வாயில பல்லுப் பல்லா வரி இருக்கு பாருங்க. ரத்தம் அங்கதான் போயி ஒளிஞ்சுக்கிடும். ஆபரேசன் முடிஞ்சதும் மூடுன வாக்குல ஒரு டப்பாவுல போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டா, திரும்பி வரும்போது காஞ்சு பொருக்காயிரும். பொருக்குக்கு மேல 134 டிகிரி ஆவி விட்டாலும் அடியில இருக்கிறது தப்பிச்சுரலாம். அதனால உடனே ஈரத்துலயே வைக்கணும், மூட்டைத் திறந்து வைக்கணும், என்சைம் கரைசல்ல ஊறப்போட்டு, தண்ணிக்குள்ள முக்கி வச்சுக்கிட்டே சின்ன பிரஷால தேய்க்கணும். வெளிய வச்சுத் தேச்சா மூஞ்சியில தெறிக்கும். சில பேரு சலைன்ல ஊற வைப்பாக. அது உப்பு, எவர்சில்வரையே அரிச்சுப் புள்ளி புள்ளியாக் குழி பறிச்சுரும். நம்ம பக்கத்துப் போர்த் தண்ணியைக் கேக்கவே வேணாம். அருப்புக்கோட்டைத் தண்ணியில குளிச்சா சோப்பு நுரைக்காது. அந்த மாதிரித் தண்ணியை ஆட்டோக்ளேவுக்குள்ள விட்டா, ஹீட்டர் காயில்ல உப்பு வெள்ளை வெள்ளையாப் படிஞ்சு கரண்டைக் கூடுதலாத் தின்னும், கத்திரியில கறை ஏறும், மூட்டு இறுகும். கடைசிக் கழுவலுக்கும் கொதிகலனுக்கும் உப்பு நீக்குன தண்ணி வேணும். அந்தச் செலவை மிச்சம் பிடிச்சவன் வருசா வருசம் புதுக் கத்திரி வாங்குவான்.

பொட்டலத்துல ஒட்டுற டேப்புல கோடு கறுத்துருச்சுன்னு சந்தோசப்பட்டுறாதீக. சூடு மேல பட்டுச்சுன்னுதான் அது சொல்லும். உள்ள செத்துச்சா இல்லையான்னு சொல்ல, சாகக் கஷ்டப்படுற கிருமியோட வெதையையே உள்ள வச்சு அவிச்சுப் பாக்கிற சோதனை இருக்கு. அதை "இந்த வாரம் வேணாம், அடுத்த வாரம் பாப்போம்"னு தள்ளுறது எங்க ஆளுக வழக்கம். 2008-ல பெரம்பலூர்ல கண் ஆபரேசன் பண்ணிக்கிட்ட 60-க்கு மேலான ஏழைசனம் கிருமி தொத்திப் பார்வையைப் பறிகுடுத்தாக. நல்லாத் தெரியணும்னு வந்தவுக. அதுல எங்க தப்புன்னு பேசுறது கோர்ட்டு வேலை. நான் ஒண்ணுதான் சொல்றேன், கிருமிக்கு ஓசி வைத்தியம், காசு வைத்தியம்னு பேதம் தெரியாது.

சிக்கனமும் சுத்தமும் ஒரே வீட்டுல குடியிருக்க முடியுமான்னு கேப்பீக. முடியும்னு காட்டுனவரு நமக்குத் தெக்க எட்டயபுரம் பக்கம், வடமலாபுரத்துக்காரரு. நம்ம கரிசக்காட்டு ஆளு. டாக்டர் வெங்கடசாமி, 1918-ல பொறந்தவரு. முடக்குவாதத்துல வெரலெல்லாம் கோணிப்போயும் கத்தி பிடிக்கப் பழகுனாரு. சர்க்கார் வேலையில 58 வயசு ஆகி ரிட்டயரானதும் 1976-ல மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. நான் 58-ல ஆடு வாங்குனேன், அவரு ஆஸ்பத்திரி தொறந்தாரு, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

அங்க தியேட்டர்ல ஒரு சர்ஜனுக்கு ரெண்டு டேபிள். ஒண்ணுல ஆபரேசன் நடக்கும்போதே அடுத்ததுல ஆளைத் தயார் பண்ணிருவாக. சாமான் நாலஞ்சு சின்ன செட்டாச் சுத்தி வரும். ஒண்ணு கையில, ஒண்ணு கழுவலுல, ஒண்ணு ஆவியில. சின்ன மிசின், சின்ன ஓட்டம். கவுனை ஆளுக்கு ஆள் மாத்துறதில்ல, மருந்து பாட்டிலை ஒருத்தருக்கு ஒண்ணுன்னு ஒடைச்சு வீசுறதில்ல. வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரங்க வந்து தராசு வச்சுக் குப்பையை நிறுத்து 2017-ல எழுதுனாக. ஒரு கண்புரை ஆபரேசனுக்கு விழுந்த குப்பை கால் கிலோ. அதுலயும் மூணுல ரெண்டு பங்கு கிட்ட மறுசுழற்சிக்குப் போற சாமான். காத்துல கலக்குற கரிப்புகையைக் கணக்குப் பாத்தா இங்க ஒரு ஆபரேசனுக்கு 6 கிலோ கிட்ட, இங்கிலாந்துல அதே ஆபரேசனுக்கு 180 கிலோ கிட்ட. தொத்து கூடியிருக்குமேன்னு சந்தேகம் வருதா? அரவிந்த்ல நடந்த 6 லட்சத்துக்கு மேல ஆபரேசனைத் தனியாப் புரட்டிப் பாத்தாக. கண்ணுக்குள்ள கிருமி போனது 10,000 பேருக்கு 7. முடியும்போது கண்ணுக்குள்ள ஒரு சொட்டு மருந்து ஏத்த ஆரம்பிச்ச பெறகு அதுவும் 2 ஆச்சு. மேல்நாட்டுக் கணக்குக்கு எந்த வகையிலும் சளைச்சதில்ல.

இதைக் கேட்டதும் நாளைக்கே உங்க தியேட்டர்ல கவுனை மாத்த வேணாம்னு சொல்லிறாதீக மாப்ள! அது கண்ணு. மணிக்கட்டு அசையிற அளவு வேலை, சின்னக் கீறல், சில நிமிசம். நீங்க வயித்தை அறுக்குறவரு. முழங்கால்ல மூட்டு மாத்துறவரு அங்க பாத்ததைக் காப்பியடிச்சாருன்னா அடுத்த மாசம் வக்கீல் வீட்டு வாசல்ல நிப்பாரு. அவுக செஞ்சதுல நீங்க எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான். எதைக் குறைச்சாலும் நோயாளிக்கு என்ன ஆச்சுன்னு கணக்கு எழுதி வச்சுக்கிட்டுத்தான் குறைச்சிருக்காக. உங்க ஆஸ்பத்திரியில போன மாசம் எத்தனை தையல் சீழ் பிடிச்சுது? தெரியாதா? அப்ப இன்னும் எதையும் குறைக்காதீக.

குறைக்கலாம்னா, தேதியைப் பாத்து அவிக்கிற பழக்கத்தைக் குறைங்க. ஏழு நாளு ஆச்சுன்னு காஞ்ச, கிழியாத, கை படாத பொட்டலத்தைப் பிரிச்சுத் திரும்ப அவிப்பாக. நல்ல உறையில கட்டி, மூடுன அலமாரியில தூசி படாம இருந்தா பொட்டலத்துக்கு நாள் போறதால கேடில்ல. நனைஞ்சா கேடு, கிழிஞ்சா கேடு, கீழ விழுந்தா கேடு. அவசரப்பட்டுச் சூட்டோட கதவைத் திறந்து ஈரப் பொட்டலத்தை அடுக்குறீகளே, அதுதான் அப்பவே கெட்டுப்போனது. அதைத் தேதி போட்டு வச்சுக்கிடுவீக.

துணி விசயம் ஒண்ணு. அருப்புக்கோட்டையில தறி ஓடுற ஊருக்குப் பக்கத்துல பொண்ணு எடுத்துட்டு, ஒரு தடவை போட்டு எரிக்கிற காகிதக் கவுனைப் பெட்டி பெட்டியா எறக்குறீக. நெருக்கமா நெய்த துணி துவைச்சு, அவிச்சு, எத்தனையோ வாட்டி உழைக்கும். ரத்தமும் தண்ணியும் கொட்டுற பெரிய ஆபரேசனுக்கு ஊறாத கவுனு வேணும், அதுல பேச்சில்ல. விரல்ல ஒரு கட்டியைக் கீறுறதுக்கும் அதேதானா?

இன்னொரு வித்தையும் ஊருல நடக்குது. ஒரு தடவைதான்னு எழுதுன சாமானைக் கமுக்கமா அவிச்சு நாலு தடவை போட்டுட்டு, நாலு பேரு பில்லுலயும் புதுசுன்னு வெலை போடுறது. செலவு குறையும், வரவு கூடும், மஞ்சப் பையும் இளைக்கும். உங்களுக்கு அப்படி ஒரு யோசனை வந்திருக்காது, எனக்குத் தெரியும். பேத்தி கழுத்துல கெடக்கிற புதுச் சங்கிலி உங்க சம்பாத்தியத்துல வந்ததுதானே.

சரி, டிரே இளைச்சு, மிசின் தூங்கி, பை சுருங்கி, மாசம் ஒரு தொகை மிஞ்சுதுன்னு வைங்க. அரவிந்த்ல மிஞ்சுனது, காசு குடுக்க முடியாதவுக கண்ணுக்குப் போச்சு. உங்க பில்லுல "தியேட்டர் சாமான்"னு ஒரு வரி வருமே, மூணாவது வரி, அதுல எவ்வளவு குறைப்பீக? நம்ம கீழத்தெரு முனியாண்டிக்கு வர்ற மாசம் குடலிறக்க ஆபரேசன், உங்ககிட்டத்தான் வரப்போறான். அவனுக்கு ஒரு தொகை சொல்லணும்ல? சொல்லுங்க, சீட்டுல எழுதிக்கிடுறேன்.

என்ன மாப்ள, அதுக்குள்ள கார்ச் சாவியைத் தேடுறீக?