மருமகன் ஜீப்பும் மாமன் முற்றமும்

மருமகன், கொஞ்சம் இப்படி வந்து இரிங்க. பயப்படாதீங்க, முற்றத்துல நிக்கிற தகரத்த எப்ப எடுப்பீங்க எண்டு கேக்க மாட்டன். மகளுக்கு வீட்ட எழுதிக் குடுத்தா முற்றமும் அதோட சேத்திதான். ஒயில் சிந்தினா சிந்தட்டும். என்ட வாப்பா அதே இடத்துல மாடு கட்டினாரு. அதுவும் அசிங்கம் பண்ணினதுதான், ஆனா காலையில பால் தந்தது.

நேத்து கூட்டாளிமார் நாலு பேரக் கூட்டி வந்து, “இது ரெண்டாம் உலக யுத்தத்துல ஓடின அசல் வில்லிஸ்” எண்டீங்க. நானும் வெத்திலய மென்டுக்கிட்டுக் கேட்டன். அவங்க போன பொறகு டோர்ச்சக் கொண்டு போய் முன் கிரில்ல எண்ணிப் பாத்தன். ஏழு பிளவு! யுத்தத்துக்கு எண்டு அடிச்ச தகட்டுக் கிரில்லுக்கு ஒன்பது மருமகன். ஏழு எண்டா 1945ல இருந்து கமக்காரனுக்கு எண்டு செஞ்ச சிவில் ஜீப்பு. யுத்த ஜீப்புல முன் லைட்ட இளக்கி இஞ்சின் பக்கம் திருப்பலாம், ராவையில ரிப்பேர் பாக்க. உங்கட லைட்டத் திருப்பிப் பாத்தன். அது என்னத்தான் முறைச்சிப் பாத்தது. போர்ட் கொம்பனி செஞ்சது எண்டா போல்ட்டுத் தலையில “எஃப்” எழுத்து இரிக்கும். உங்கட போல்ட்டுல இரிக்கிறது துரு மட்டுந்தான்.

வெக்கப்படாதீங்க. பொண்ணு பாக்கப் போனவன் பல்ல எண்ணாம வந்த கத எங்கட ஊருக்குப் புதுசில்ல.

ஆனா எண்ணாட்டியும் பேணத் தெரியணும். கிட்டங்கித் தாம்போதியில தண்ணி ஓடக்குள்ள வீடியோவுக்கு எண்டு ரெண்டு தரம் போய் வந்தீங்களே, வந்த பொறகு டிப்ரென்சல் ஒயிலப் பாத்தீங்களா? ஓடிச் சூடான டிப்ரென்சல் குளிர்த் தண்ணிக்குள்ள இறங்கினா, உள்ள காத்துச் சுருங்கி, சீலுக்கால தண்ணிய உறிஞ்சிப் போடும். மூடியக் கழட்டி விரல விட்டுப் பாருங்க. ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துல வந்தா அண்டைக்கே மாத்துங்க. பிரேக்கையும் மெதுவா நாலு தரம் அமத்தி டிரம்மக் காய வையுங்க, இல்லாட்டி அடுத்த சந்தியில வண்டி நிக்காது, நீங்கதான் நிப்பீங்க. கல்முனக் கடற்கரைக்குப் போனா வந்ததும் நல்ல தண்ணியில அடிப்பக்கத்தக் கழுவுங்க. மேல பளபளப்புக் குடுத்து, கீழ சேசிய உப்புக்கு எழுதிக் குடுக்கிறது மாப்பிள்ளைக்கு மட்டும் சட்ட தைச்சி சாரத்த மறந்த கத.

இன்னொண்டு. பெற்றோல் டேங்க் இரிக்கிறது டிரைவர் சீட்டுக்குக் கீழ. சிகரட்ட வாயில வெச்சிக்கிட்டு ஏறாதீங்க. என்ட மகளுக்கு இன்னொரு வீடு கட்ட என்னால ஏலா.

வாகனத்தச் சத்தத்த வெச்சே சொல்லிருவன் எண்டு கூட்டாளிமாருக்குப் பீத்தினதயும் கேட்டன். கெட்டித்தனந்தான். ஆனா உள்ள அரிசி புடைச்சிக்கிட்டு இரிக்காவே உங்கட மாமி, அவட்டப் பரீட்ச வெச்சிப் பாருங்க. 90ஆம் ஆண்டுக் காலத்துல ராவையில வீதியில போறது ட்ரெக்டரா, லொறியா, தென்னாபிரிக்காவுல கண்ணிவெடிக்கு எண்டு செஞ்ச பவள் கவச வண்டியா எண்டு பாயில படுத்துக்கிட்டே சொல்லுவா. ட்ரெக்டர் எண்டா திரும்பிப் படுப்பா. மத்தது எண்டா விளக்க நூத்துட்டு, அப்ப சின்னப் புள்ளயா இரிந்த உங்கட பொஞ்சாதி அழாம அவட வாயப் பொத்துவா. அவட கெட்டித்தனத்துக்கு ஒருத்தரும் பட்டம் குடுக்கல்ல, அவவும் கேக்கல்ல.

யுத்த வண்டி எண்டா ஞாபகமும் அதோட சேந்துதான் வரும். 1942 ஏப்ரல் 9ல மட்டக்களப்புக் கடல்ல ஜப்பான்காரன் குண்டு போட்டு ஹெர்மீஸ் கப்பல் தாண்டது. அதுல மட்டும் 307 பேர் செத்தாங்க. இண்டைக்கு அதச் சுழியோடிப் பாக்க வாறாங்க. ஆனையிறவு வீதியோரத்துல ஒரு புல்டோசர் நிக்கி. மண் தள்ளப் பிறந்தது. உருக்குத் தகடு அடிச்சிக் கவச வண்டியாக்கி 1991 சண்டைக்கு அனுப்பினாங்க, அங்கேயே நிண்டு போச்சி. அதே சாதி மெசினத்தான் 1949ல மொரிசன்-நுட்சன் எண்ட அமெரிக்கக் கொம்பனி இங்கினியாகலைக்குக் கொண்டு வந்து, பட்டிப்பளை ஆத்த மறிச்சி அணை கட்டினது. அந்தத் தண்ணிதான் சவளக்கட வட்டையில நெல்லாகி, உங்கட கோப்பையில சோறாகுது.

இப்ப உங்கட ஜீப்பப் பாருங்க. அதுட அண்ணன்மார் ஆறு லட்சத்துக்கு மேல யுத்தத்துக்குப் போனாங்க. இது மட்டும் ஏழு பல்லோட, கமம் செய்யப் பிறந்தது. அத யுத்தத்துக்குப் போனது எண்டு சொல்லி ஏன் மருமகன் கெடுக்கிறீங்க? புல்டோசருக்கு வாய்க்காத பாக்கியம் இதுக்கு வாய்ச்சிரிக்கி. புள்ளிப் பச்சப் பெயின்ட் அடிக்கிற யோசனையையும் விடுங்க. செக்பொயின்ட்டுல நிப்பாட்டுவாங்க எண்டு மட்டும் சொல்லல்ல, மாமி பயந்திருவா.

வாற போகத்துல எட்டு மூட்ட விதை நெல்லு வட்டைக்குப் போகணும். ட்ரெக்டர்காரன் கூலிய ஏத்திட்டான். நாலு நாலா ரெண்டு நட போட்டுக் குடுங்க, பெற்றோல் என்ட செலவு. அதுவரைக்கும் ஒயில் சிந்துற இடத்துல ஒரு பழைய தட்ட வையுங்க.