ஒரு பெண், இரண்டு முகம், யாருடைய குரல்?

கேள்வி: ஒரே கதாநாயகி வேடத்தில் இரண்டு நடிகைகளாமே! எந்தப் படம் அது?

பதில்: 1977இல் வந்த 'தட் அப்ஸ்க்யூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்'. இயக்குநர் லூயிஸ் புனுவலின் கடைசிப் படம். மத்தியூ என்ற வயதான பாரீஸ் பணக்காரருக்கு, செவில் நகரத்து ஏழைப் பெண் கொன்சித்தா மீது பித்து. முதலில் மரியா ஷ்னைடர்தான் நடிப்பதாக இருந்தது. படப்பிடிப்பு தொடங்கிய கொஞ்ச நாளில் அவர் படத்தில் இல்லை என்றாகிவிட, படமே நின்றுபோகும் நிலை. அப்போதுதான் இரண்டு பேரை நடிக்கவைக்கலாம் என்ற யோசனை புனுவலுக்கு வந்தது. கரோல் புகே குளியலறைக்குள் போவார், ஆன்ஹெலா மோலினா வெளியே வருவார். எந்த விளக்கமும் கிடையாது.

கேள்வி: காதலிக்கிற மனுஷனுக்குக்கூடவா அது தெரியாது?

பதில்: தெரியாது. மொத்தப் படமும் அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் துரத்துகிறார், பணத்தை வாரி இறைக்கிறார், முகம் மாறியதைக் கவனிக்கவில்லை. ஆசைப்பட்டாரே தவிர, அவளை ஒருநாளும் பார்க்கவில்லை.

கேள்வி: இது கனவும் நனவும் கலந்த சர்ரியலிசப் படம். இதில் போய் ஏழை, பணக்காரர், புலம்பெயர்ந்தவர் என்று தேடுவது நியாயமா?

பதில்: தேடவே வேண்டாம், கண்முன்னால் கிடக்கிறது. கொன்சித்தா முதலில் வருவதே மத்தியூ வீட்டு வேலைக்காரியாக. வந்த அன்றே முதலாளி நெருங்கப் பார்க்கிறார். மறுநாள் அவள் அங்கே இல்லை. பிறகு அவளுடைய தாயின் கையில் பணத்தைக் கொடுத்து மகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரப் பேரம் பேசுகிறார். அதுவும் பலிக்காதபோது என்ன செய்கிறார் தெரியுமா? நீதிபதியாக இருக்கும் உறவினரிடம் சொல்லி, தாயையும் மகளையும் பிரான்ஸை விட்டே ஸ்பெயினுக்கு அனுப்பிவைக்கிறார். இவ்வளவையும் ரயில் பெட்டியில் உட்கார்ந்து, தான் பட்ட வேதனையாகச் சக பயணிகளிடம் சொல்கிறார். அவர்களும் 'பாவம்' என்று கேட்டுக்கொள்கிறார்கள். அயல்நாட்டு ஏழைப் பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன காதல் படங்கள் குறைவு.

கேள்வி: அந்த ரயில் பெட்டியில் ஒரு குள்ள மனிதர் வருகிறாரே, கேலிக்கா?

பதில்: இல்லை. பியரால் என்ற நடிகர், உளவியல் பேராசிரியராக வருகிறார். உயரம் குறைந்தவரைக் கோமாளியாக்கியே பழகிய சினிமாவில், அறிவார்ந்த கேள்வி கேட்கும் இடத்தை அவருக்குக் கொடுத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதே புனுவல், செவிலில் கொன்சித்தா நிர்வாணமாக ஆடுவதைப் பார்க்கும் ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளை மட்டும் பெயரில்லாத கும்பலாக விட்டுவிட்டார். அது குறைதான்.

கேள்வி: பழைய கதை என்கிறார்களே?

பதில்: பியர் லூயிஸ் 1898இல் எழுதிய நாவல். 1935இல் மார்லீன் டீட்ரிச், 1959இல் பிரிஜித் பார்தோ நடித்துப் படங்களாக வந்திருக்கிறது. அவற்றில் நம் கண் நட்சத்திரத்தை விட்டு நகராது; ஆணைக் கெடுத்தவள் அவள்தான் என்று எழுந்து வந்துவிடலாம். முகத்தை இரண்டாக்கியதும் அந்த வசதி போய்விட்டது. பார்வை துரத்துகிறவர் மேல் திரும்புகிறது.

கேள்வி: அப்படியானால் பெண்ணுக்கு முழு நியாயம் செய்த படமா?

பதில்: இல்லை. முகம் இரண்டு, குரல் ஒன்று. பிரெஞ்சுப் பெண் புகேவுக்கும் ஸ்பானியப் பெண் மோலினாவுக்கும் வேறொரு நடிகைதான் பிரெஞ்சில் டப்பிங் பேசியிருக்கிறார். மத்தியூவாக நடித்த ஃபெர்னாண்டோ ரே ஸ்பானியர். அவருக்குக் குரல் மிஷெல் பிக்கோலி. ஆனால் மத்தியூவுக்குக் கதை சொல்லும் உரிமையாவது மிச்சம் இருக்கிறது. கொன்சித்தாவுக்கு அதுவும் இல்லை. பிளாட்ஃபாரத்தில் நிற்கும் அவள் தலையில் அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிறார்; பின்னர் ரயிலிலேயே அவளும் ஒரு வாளியைத் திருப்பிக் கொட்டுகிறாள். அவ்வளவுதான் அவள் தரப்பு வாதம். ஆணின் குருட்டுத்தனத்தைத் துல்லியமாகக் காட்டிய மேதை, பெண்ணின் வாயிலிருந்து கதையைக் கேட்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

கேள்வி: ஆஸ்கர் கிடைத்ததா?

பதில்: இரண்டு பரிந்துரை, விருது இல்லை.

கேள்வி: பார்க்கலாமா?

பதில்: வயது வந்தவர்கள் அவசியம் பாருங்கள். மத்தியூ சொல்லும் ஒவ்வொரு சம்பவத்தையும் கொன்சித்தா சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.