ஆச்சியின் தயவு

மாரி காலத்து மாங்கேணியில் மனிதன் செய்யத்தக்க காரியங்கள் மிகச் சில. வாழைச்சேனையிலிருந்து திருக்கோணமலைக்குப் போகும் வீதியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இடையில் அகப்பட்டுக் கிடக்கும் இக்கிராமத்தில் வடகீழ்ப் பருவமழை வந்து இறங்கிவிட்டதென்றால், தோணிகள் கரையேறும், மின்சாரம் விடைபெறும், விருந்தினர் மட்டும் விடைபெறார். சென்ற மார்கழியில் அவ்விதம் அகப்பட்டுக்கொண்டவன் என் தங்கை மகன். பல்கலைக்கழகத்தில் கணிதம் பயில்பவன். ஆகவே சும்மா இருக்கத் தெரியாதவன்.

“மாமா, எந்த நடிகரையும் சொல்லுங்க. ஆறு படிக்குள்ள கெவின் பேக்கனிட்டக் கொண்டுபோய் விடுறன்” என்றான்.

கெவின் பேக்கன் யாரென்று அறியாத என் அஞ்ஞானத்தை அவன் பொறுமையோடு நீக்கினான். 1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆல்பிரைட் கல்லூரி மாணவர் மூவர், பனிப்பொழிவினால் வெளியே போகமுடியாமல் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, அந்நடிகரின் ‘ஃபூட்லூஸ்’ என்னும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், இவரோடு நடிக்காத நடிகரும் உலகில் உண்டோ என்ற ஐயம் அவர்கள் உள்ளத்தில் உதித்ததாம். இருவர் ஒரே படத்தில் நடித்திருந்தால் ஒரு படி; அப்படிப் படிப்படியாக எந்த நடிகரையும் பேக்கனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே விளையாட்டு. பனியால் அடைபட்டவர்களுக்கும் மழையால் அடைபட்டவர்களுக்கும் ஒரே வகையான புத்திமயக்கம் உண்டாவது பிரகிருதியின் நியதி போலும்.

உண்மையில் இவ்விளையாட்டின் மூலபுருஷர் அம்மாணவர்களும் அல்லர். ஹங்கேரி தேசத்து எழுத்தாளர் ஃபிரிஜெஸ் கரிந்தி 1929 இல் எழுதிய ஒரு கதையில், பூமியில் உள்ள எவரையும் ஐந்து பேர் வழியாக எட்டிவிடலாம் என்று ஒருவர் பந்தயம் கட்டுகிறார். நோபல் பரிசு பெற்ற சுவீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லாவை எட்டுவது எப்படி? பரிசை அவர் கையில் கொடுத்தவர் சுவீடன் மன்னர். மன்னரோ டென்னிஸ் பித்தர். அவரோடு பந்தாடிய ஹங்கேரிய வீரர் கேர்லிங் கதைசொல்லிக்குத் தெரிந்தவர். அவ்வளவுதான், தீர்ந்தது காரியம். இதைக் கேட்டபோது, ராஜ்யங்களை ஆண்ட மன்னர்களால் உலகுக்கு விளைந்த நன்மைகளின் சொற்பமான பட்டியலில் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

நான் எம்.ஜி.ஆரைச் சொன்னேன். 1917 இல் நாவலப்பிட்டியில் பிறந்தவராகையால் அவர்மீது எங்களுக்கு ஒரு பாத்தியதை உண்டு. மருமகன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். எம்.ஜி.ஆர். ‘அன்பே வா’ படத்தில் (1966) மனோரமாவோடு நடித்தார்; மனோரமா ‘அண்ணாமலை’யில் (1992) ரஜினிகாந்தின் தாயார்; ரஜினி ‘தளபதி’யில் (1991) அமரிஷ் பூரியை எதிர்த்தார்; அமரிஷ் பூரி ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்தில் (1984) ஹாரிசன் ஃபோர்டுக்கு எமனாக நின்ற பூசாரி; ஃபோர்டு அவ்வரிசையின் முதற்படத்தில் (1981) கரன் ஆலனோடு நடித்தவர்; கரன் ஆலனோ, ‘அனிமல் ஹவுஸ்’ என்ற படத்தில் (1978) பேக்கனோடு தோன்றியவர். கூட்டிப் பார்த்தால் சரியாக ஆறு. இதில் இன்னொரு ரசமும் உண்டு. இரண்டாம் ‘இண்டியானா ஜோன்ஸ்’ படத்தின் வெளிப்புறக் காட்சிகள் கண்டிப் பக்கத்தில் பிடிக்கப்பட்டவை, எம்.ஜி.ஆரிடம் புறப்பட்டு ஹாலிவுட்டுக்குப் போகும் சங்கிலி, வழியில் அவர் பிறந்த கண்டி மாவட்டத்துக்கே ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறது.

இந்த வித்துவத்தை, மூலையில் மரமுந்திரிகைக் கொட்டை உடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, ஒவ்வொரு படிக்கும் “மறுகா?” “மறுகா?” என்று ஊக்கமளித்துவந்தார். ஆறாம் படி முடிந்ததும் கேட்டார்:

“அந்தப் பேக்கன்ர தாய் ஆர் மகன்? என்ன குடி?”

மருமகன் திகைத்துவிட்டான். அக்கேள்வி மட்டக்களப்பாருக்கு நியாயமான கேள்வியே. இங்கே குடி தாய்வழி வருவது. தகப்பனார் எத்துணைப் பெரிய மனிதராயினும் பிள்ளை தாயின் குடியையே சாரும். ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. கோயிற் சடங்கில் யாருக்கு என்ன உரிமை என்பதும் குடியைப் பொறுத்தது. ஆகவே, அறிமுகமில்லாத ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வளவுக்குள் வந்தால், அவர் உட்காருவதற்கு முன்னரே அவருடைய தாய், தாயின் தாய், அவர்களுடைய ஊர், அவ்வூரில் எங்களுக்கு உறவானவர் என்று ஒரு சங்கிலி பின்னப்பட்டு, தேநீர் வருவதற்குள் அவர் மச்சானாகவோ மருமகனாகவோ நிர்ணயிக்கப்பட்டுவிடுவார். பென்சில்வேனியாவில் அதற்குப் பனி பெய்யவேண்டியிருந்தது.

சினிமாவில் கூட நடிப்பதெல்லாம் ஒரு தொடர்பா என்பது பெரியம்மாவின் ஆட்சேபம். “எம்.ஜி.ஆருக்கு இவ்வளவு தூரம் போகவேணுமா? எங்கட சின்னையா நாவலப்பிட்டியில கடை வச்சிருந்தவர். அவங்கட வீட்டுக்குச் சாமான் கொடுத்ததே அவர்தான்” என்று ஒரே படியில் காரியத்தை முடித்தார். அச்சின்னையா பிறந்ததே எம்.ஜி.ஆரின் குடும்பம் இலங்கையை விட்டுப் போய்ப் பல்லாண்டு கழித்துத்தான் என்பதை எடுத்துரைக்கும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை.

எனினும் எது தொடர்பு என்ற அவருடைய வினாவில் சாரம் இருக்கவே செய்தது. சிறைவைப்பது அறிமுகமாகுமா? வெருகல் ஆற்றுக்கு அப்பால், கொட்டியாரத்தில் 1660 இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபர்ட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்து 1679 இல் தப்பியோடி, 1681 இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் விஞ்ஞானி றொபர்ட் ஹூக். ஹூக்குக்கும் நியூட்டனுக்கும் இருந்த ஜன்மப்பகை லோகப் பிரசித்தம். ஆக, இராஜசிங்கனுக்கும் நியூட்டனுக்கும் மூன்றே படி: ஒன்று விலங்கு, ஒன்று முன்னுரை, ஒன்று வழக்கு. சிநேகம் என்பது அதில் நடுவில் ஓரிடத்தில்தான்.

உற்சாகம் மேலிட்டு நானும் ஒன்று தொடுத்தேன். காரைதீவில் பிறந்து, ‘யாழ்நூல்’ செய்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிலைநிறுத்திய சுவாமி விபுலானந்தரை, பாரிஸ் நாடக மேடையின் ராணியாக விளங்கிய சாரா பெர்னார்டோடு இணைக்க முடியுமா? முடியும். அடிகளுக்கு 1924 இல் சந்நியாசம் கொடுத்தவர் சுவாமி சிவானந்தர். அவரும் விவேகானந்தரும் பரமஹம்சரின் சீடர்கள். விவேகானந்தர் 1896 இல் நியூயோர்க்கில் சாரா பெர்னார்டைச் சந்தித்தார். மூன்று படி, நடிகைக்கும் அடிகளுக்கும் நடுவே நிற்பவர்கள் இரண்டு சந்நியாசிகள். “சாமிமாரக் கொண்டுபோய் நாடகக்காரியிட்ட விட்டுட்டியே” என்று பெரியம்மா அன்றிரவு முழுவதும் என்னோடு பேசவில்லை.

மழை விட்ட பின்னரும் இவ்விஷயம் என்னை விடவில்லை. ஒவ்வொரு சங்கிலியிலும் இரு முனைகளில் நிற்பவர்களே பெயர் பெற்றவர்கள். பாரத்தைச் சுமப்பவர்கள் இடையில் நிற்பவர்கள். 1969 இல் ட்ராவர்ஸ், மில்கிராம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட அறிக்கை ஒன்றுண்டு. பொஸ்டன் நகரத்துப் பங்குத்தரகர் ஒருவரைச் சேரவேண்டிய கடிதங்களை 296 பேரிடம் கொடுத்து, நேரில் அறிமுகமானவர் கைக்கே மாற்றி மாற்றி அனுப்பும்படி அவர்கள் வேண்டினர். போய்ச் சேர்ந்தவை 64. எஞ்சியவை எந்த அலுமாரியில் உறங்குகின்றனவோ, ஈசன் அறிவான். சேர்ந்தவற்றில் 24 அவருடைய வீட்டு வழியாக வந்தன. அந்த 24 இல் 16 கடிதங்களைக் கொணர்ந்து கொடுத்தவர் ஒரே ஆள், அத்தரகர் குடியிருந்த ஊரின் துணிக்கடைக்காரர். உலகம் சிறியது என்று ஆய்வாளர்கள் கண்டது, அந்த மனிதர் கடையைத் திறந்து வைத்திருந்த புண்ணியத்தால்.

சினிமாவிலும் இதே கதைதான். 1996 இல் வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி கொண்டு கணக்கிடத் தொடங்கியபோது, பேக்கனைவிட நடுநாயகமாக நிற்பவர்கள் எத்தனையோ பேர் என்று தெரியவந்தது. முன்னணியில் வந்தவர்கள் றொட் ஸ்டைகர் போன்ற குணச்சித்திர நடிகர்கள். கதாநாயகன் இன்னொரு கதாநாயகனோடு சேர்வது அரிது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்தது ‘கூண்டுக்கிளி’ (1954) ஒன்றில் மட்டுமே. அவ்விருவருக்கும் இடையில் வேறு வழி தேடுவோர் பலரும் ‘ஆச்சி’ என்று அழைக்கப்பட்ட மனோரமாவின் வாசலில் வந்து நிற்கத்தான் வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். மேடையில் அண்ணாவோடும் கருணாநிதியோடும், திரையில் எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர்., ஜெயலலிதா ஆகியோரோடும் நடித்து, ஐந்து முதலமைச்சர்களைத் தம் ஒருவரிடத்திலே முடிச்சுப் போட்டு வைத்தவர். எங்கள் பக்கத்தில் அப்பதவியை வகிப்பவர் கலியாணத் தரகர். அவர் இல்லாமல் வாகரைக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் பாதி உறவு அறுந்துபோம். ஆனால் கலியாணப் படத்தில் அவர் முகம் விழுவதில்லை. விழுந்தாலும் பாதிக் காது.

ஆகையால் என் தீர்ப்பு, இவ்விளையாட்டைத் தமிழர்கள் ஆடுவதானால் பேக்கனை விட்டுவிட்டு ஆச்சியின் பெயரால் ஆடவேண்டும் என்பதே. எம்.ஜி.ஆரிலிருந்து பேக்கனுக்கு ஆறுக்குக் குறைந்த படிகளில் வழி கண்டவர்கள் தயவுசெய்து என் மருமகனுக்கு அறிவிக்கலாம், பெரியம்மாவுக்கு அறிவிக்கவேண்டாம். பேக்கனுடைய தாயின் குடி இன்னதென்று தெரியாதவரையில் எந்த வழியையும் ஏற்பதற்கில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.