சரளை இயல்: கொரியேரிக் கணவாயை முன்வைத்து

சரளைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிளிலிருந்து தொடங்குகிறார்கள். கியரில் எத்தனை பல், டயர் எத்தனை மில்லிமீட்டர், ஃபிரேம் ஸ்டீலா கார்பனா என்று பேச்சு அங்கேயே சுற்றி அங்கேயே முடிந்துவிடுகிறது. முறைப்படி கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கல்லை யார் போட்டார், எதற்காகப் போட்டார், பிற்பாடு அதன்மேல் ஏன் யாரும் தார் ஊற்றவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால் வழி தானாகப் பிடிபடும். சைக்கிளைப் பற்றிக் கடைசியில் நாலு வரி போதும்.

இந்த ஆராய்ச்சிக்கு ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைநாட்டைப் போல இன்னோர் இடம் அமைவது கடினம். மற்ற நாடுகளில் சரளைப் பாதை என்பது மரம் வெட்டும் லாரி போன தடமாகவோ மாடு போன தடமாகவோ இருக்கும். அதைப் போட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஹைலண்ட்ஸில் போட்டவரின் பெயர், போட்ட ஆண்டு, சாலையின் அகலம், வேலை செய்தவர்கள் வாங்கிய கூலி எல்லாமே பதிவில் இருக்கின்றன.

போட்டவர் ஜெனரல் ஜார்ஜ் வேட். அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தைத் திரும்ப அமர்த்தவேண்டும் என்று 1715-ல் ஜேக்கபைட்டுகள் கலகம் செய்தார்கள். அது அடங்கிய பிறகும் லண்டனுக்குக் கலக்கம் தீரவில்லை. 1724-ல் முதலாம் ஜார்ஜ் அரசர் வேடை வடக்கே அனுப்பி நிலைமையை நேரில் பார்த்து எழுதச் சொன்னார். சாலையும் பாலமும் இல்லாத நாட்டில் படையை நகர்த்த முடியாது என்று அவர் எழுதினார். எழுதியவர் தலையிலேயே வேலையும் விழுந்தது. 1725-ல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 400 கி.மீ. சாலையும் 40 பாலங்களும் எழும்பின. வேலை செய்தவர்கள் படைவீரர்கள். வழக்கமான சம்பளத்துக்கு மேல் நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் கூடுதலாகக் கொடுத்தார்கள். பனி இளகும் ஏப்ரலில் கடப்பாரையைக் கையில் எடுத்தால் அக்டோபரில்தான் கீழே வைப்பார்கள்.

கட்டிய முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அகலம் 16 அடி. மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டுக் கெட்டியான தரை வரும்வரை இறங்குவார்கள். அடியில் பெரிய பாறைகள், அவற்றின் சந்துகளில் சின்னக் கற்கள், எல்லாவற்றுக்கும் மேலே சரளை. சரளையை மட்டும் இரண்டடி கனம் வரை கொட்டினார்கள். இரண்டு பக்கமும் வடிகால். சதுப்பு நிலத்தில் கல் அமிழ்ந்துவிடும் என்பதால் சுள்ளிக்கட்டுகளைப் பரப்பி அதன்மேல் ஏற்றினார்கள். முந்நூறு ஆண்டு மழைக்குப் பிறகும் அங்கங்கே சாலை எழும்பித் தெரிகிறதென்றால் அந்த அடிக்கட்டுதான் காரணம்.

எந்தச் சாத்திரத்துக்கும் பூர்வபட்சம் உண்டு. சரளைக்கு எதிரான வாதத்தை வேட் காலத்திலேயே ஹைலண்ட்ஸ் மக்கள் முழுமையாக எடுத்துவைத்துவிட்டார்கள். அங்கே தங்கியிருந்த எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கில அதிகாரி எழுதிய கடிதங்கள் 1754-ல் நூலாக வந்தன. அவற்றில் இந்த வாதம் பதிவாகியிருக்கிறது. குலத் தலைவர்கள் சொன்னது: சாலை வந்தால் அந்நியர்கள் எளிதில் உள்ளே வருவார்கள், பாலம் வந்தால் ஆற்றில் இறங்கிக் கடந்து பழகிய ஜனங்களின் உடல் வலு குன்றிப்போகும். ஏழைகள் சொன்னது: லாடம் இல்லாத குதிரையின் குளம்பைச் சரளை தேய்க்கிறது, செருப்பு இல்லாத எங்கள் காலையும் தேய்க்கிறது. முதல் வாதம் அரசியல், இரண்டாவது வாதம் அனுபவம். இரண்டிலும் ஏழைகள் சொன்னதே எனக்கு வலுவாகப் படுகிறது. காலுக்கும் கல்லுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் சரளை இயலின் மூலக் கேள்வி. மாட்டுக்காரர்கள் அதற்கு லாடத்தில் விடை கண்டார்கள். தெற்கே தொலைதூரச் சந்தைகளுக்கு நடக்கும் மாடுகளுக்கும் லாடம் அடித்தார்கள். சைக்கிள்காரர்களின் விடை பருத்த டயர்.

வேடின் சரளையில் ஒரு குறை உண்டு. ஆற்றுப் படுகையிலும் மலைச்சரிவிலும் கிடந்த உருண்டைக் கல்லை அள்ளிக் கொட்டினார். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. சக்கரம் பட்டால் விலகும், வெள்ளம் வந்தால் கூடவே போய்விடும். கல்லைச் சிறிதாக உடைத்து, முனைகள் ஒன்றில் ஒன்று கோத்துக்கொள்ளும்படி நிரப்பவேண்டும் என்று சொன்னவர் அடுத்த நூற்றாண்டில் வந்த ஜான் மெக்கடம். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், 1756-ல் அயர் நகரில் பிறந்தவர். நம் ஊரில் கப்பி உடைத்துப் போட்ட ரோடுகள் எல்லாம் அவர் வழி வந்தவை. சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் சங்கதி அல்ல. முனையுள்ள கப்பியில் சக்கரம் நேராகப் போகும், டயர் கிழிய வாய்ப்பு அதிகம். உருண்டைச் சரளையில் டயர் பிழைக்கும், ஹேண்டில்பார் நம் சொல் கேட்காது. ஒரே மலையில் இரண்டு வகையும் மாறி மாறி வரும்போது எது எந்தக் காலத்துக் கல் என்று சக்கரமே சொல்லிவிடும்.

இனி கொரியேரிக். டல்வின்னியிலிருந்து ஃபோர்ட் அகஸ்டஸ் வரை சுமார் 45 கி.மீ. நீளமுள்ள சாலை, 770 மீட்டர் உயரத்தில் கணவாயைக் கடக்கிறது. சுமார் 500 வீரர்கள் 1731-ம் ஆண்டு ஒரே பருவத்தில் போட்டு முடித்தார்கள். அக்டோபர் 30 இரண்டாம் ஜார்ஜின் பிறந்தநாள். அன்றைக்கு மலையிலேயே எருதுகளை முழுசாகச் சுட்டு விருந்து வைத்தார்கள். கணவாயின் தெற்கு முகம் செங்குத்தாக விழுகிறது. அந்த இடத்தில் பத்துக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளை அடுக்கி, சரியும் பக்கத்தில் சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே தாங்குசுவர் எழுப்பினார்கள். பீரங்கி வண்டி ஏறவேண்டும் என்பதே கணக்கு.

கணக்குப்படி ஏறியது வேறு படை. 1745-ல் ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் வந்து இறங்கினார். ஆகஸ்ட் 16 அன்று ஸ்பீன் ஆற்றின்மேல் வேட் கட்டிய உயர்ந்த பாலத்தில் ஒரு டஜன் ஹைலண்ட்ஸ்காரர்கள், ஒரு பைப் ஊதுகிறவரோடு, அரசுப் படையின் இரண்டு கம்பெனிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் ஜெனரல் ஜான் கோப் டல்வின்னிவரை வந்து, கொரியேரிக் வளைவுகளை எதிரி பிடித்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டு இன்வெர்னஸ் பக்கம் விலகினார். கலகக்காரர்கள் கணவாய் வழியாக இறங்கித் தெற்கே நடந்தார்கள். எடின்பரோ வரை தடுக்க ஆளில்லை. கலகத்தை அடக்கப் போட்ட சாலையின் பலனைக் கலகம்தான் முதலில் அனுபவித்தது. சாலைக்குக் கட்சி கிடையாது. தெற்கு முகத்தின் உச்சி வளைவில் நின்று கீழே பார்த்தால், கோப் எடுத்த முடிவு கோழைத்தனம் அல்ல என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். மேலே இருப்பவனைக் கீழே இருப்பவன் எந்த வகையிலும் வெல்ல முடியாத இடம் அது.

சரி, தார் ஏன் வரவில்லை? 1803-க்குப் பிறகு தாமஸ் டெல்ஃபோர்ட் அரசாங்க ஆணையத்துக்காக ஹைலண்ட்ஸில் புதிய சாலைகளை வகுத்தார். வேட் எண்ணியது நடக்கும் படையை. டெல்ஃபோர்ட் எண்ணியது பயணிகள் ஏறும் குதிரை வண்டியை. ஆகவே அவருடைய சாலைகள் சரிவு குறைந்த பள்ளத்தாக்கைத் தேடிப் போயின. லாகன் ஏரிக்கரையில் நல்ல சாலை அமைந்ததும் கொரியேரிக்கில் வண்டி ஓட்ட யாருக்கும் மனமில்லை. மாட்டுக்காரர்கள் மட்டும் நெடுங்காலம் வந்துபோனார்கள். தோற்ற சாலைகளே சரளையாக மிஞ்சும் என்பதை இங்கே விதியாகவே கொள்ளலாம். வென்ற சாலைகள் எல்லாம் தார் பூசிக்கொண்டு இன்று கார்களைச் சுமக்கின்றன. வேட் போட்டவற்றிலேயே பல இன்றைய நெடுஞ்சாலைகளுக்கு அடியில் கிடக்கின்றன. எனவே நல்ல சரளை வழி தேடுகிறவர் செய்யவேண்டியது, எந்தச் சாலை தோற்றது என்று விசாரிப்பதுதான். பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களில் ‘பழைய ராணுவச் சாலை’ என்றே பல கோடுகளுக்குப் பெயர் எழுதியிருக்கும். அந்தக் கோட்டின்மேல் வண்ணம் பூசியிருக்கவில்லை என்றால் சைக்கிளை எடுக்கலாம்.

நம் மரபுப்படி முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம்: தெற்கிலிருந்து போகிறவர் லாகன் ஊரை விட்டதும் ஸ்பே ஆறு கூடவே வரும். 1732-ல் எழுந்த கார்வா பாலம் இரண்டு வளைவுகளோடு இன்னும் வண்டிகளைத் தாங்குகிறது. அந்தப் பாலத்துக்காக ஐந்து நிமிடம் இறங்கி நிற்கலாம். அதற்கப்பால் மெல்கார்வில் நல்ல சாலை முடிகிறது. பிறகு ஏற்றம், வளைவுகள், உச்சி, வடக்கே நீண்ட இறக்கம், நெஸ் ஏரியின் தலைமாட்டில் ஃபோர்ட் அகஸ்டஸ். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ‘பேட்ஜர் டிவைட்’ என்று பெயர் பெற்ற இன்வெர்னஸ்–கிளாஸ்கோ வழியில் வருகிறவர்கள். அது சுமார் 340 கி.மீ.; இந்தக் கணவாய் அதன் உச்சக் கட்டம். எனக்கு உயர்வாகப் படுவது தெற்கிலிருந்து ஏறுவதே. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கண் முன்சக்கரத்தை விட்டு அகலாது. ஏறும்போது தாங்குசுவரின் ஒவ்வொரு கல்லையும் பார்க்க நேரம் கிடைக்கும். பெரும்பாலோர் அந்த இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. வேடின் வீரர்கள் நடந்துதான் ஏறினார்கள்.

உச்சியைத் தாண்டிப் போகும் உயர் மின்கோபுரங்களைப் பற்றிப் பலருக்கு வருத்தம். ப்யூலியிலிருந்து டென்னி வரை செல்லும் இந்த 400 கிலோவோல்ட் தடம் 2015-ல் முடிந்தது. காட்சி கெட்டது உண்மை. ஆனால் மலையைக் கடக்கச் சிக்கனமான இடம் எது என்று 1731-ல் ஒரு தளபதிக்குத் தோன்றிய விடையே பொறியாளர்களுக்கும் தோன்றியிருக்கிறது. கணவாய் இன்னும் வேலை செய்கிறது.

பொழுது: மே மாதம் நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்னும் பொடிக்கொசு காற்றில்லாத சாயங்காலங்களில் மொய்க்கும். இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும் நாட்களில் எஸ்டேட்காரர்களை விசாரித்துவிட்டுப் போகவேண்டும். குளிர்காலத்தில் மேலே பனி. சைக்கிளுக்கு வேலை இல்லை. மழைக்கு என்று தனிக் காலம் கிடையாது.

சைக்கிள்: டயர் 45 மி.மீ.க்குக் குறையவேண்டாம், ட்யூப்லெஸ் நல்லது. முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரம் பெரிதாக இருக்கவேண்டும். டிஸ்க் பிரேக் தேய்மானத்தைப் புறப்படும் முன் பாருங்கள். மழைச் சட்டையைப் பையின் அடியில் வைக்காதீர்கள்.

ஸ்காட்லாந்தில் 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் யாருக்கும் மலையிலும் காட்டிலும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தருகிறது. மோட்டார் வண்டிகளுக்கு அந்த உரிமை இல்லை. கொரியேரிக் சாலையோ பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம். அதன் கல்லைப் பெயர்ப்பது குற்றம். இப்படி ஓடுகிற சக்கரத்துக்கு அடியிலேயே ஒரு நினைவுச் சின்னம் கிடப்பது அபூர்வம், அதனால்தான் இத்தனை சொன்னேன். போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. இறக்கத்தில் சக்கரம் இழுபடும்படி பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். இழுத்த தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். வழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஓரத்துப் புல்லில் ஒதுங்கிப் போகாமல் நடுவிலேயே போங்கள், கால் நனைந்தாலும் பரவாயில்லை. ஒதுங்குகிற ஒவ்வொரு சக்கரமும் வடிகாலின் கரையை உடைக்கிறது. வடிகால் போனால் சாலையும் போய்விடும்.