காதும் காசும் பாட்டும்: ஹெட்போன் தெரிவு குறித்து ஓர் ஆய்வு

ஹெட்போன் என்பது யாது? காதில் மாட்டப்படுவது எனின், மூக்குக்கண்ணாடியும் காதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. காதருகே ஒலிப்பது எனின், அந்தப் பணியை இரவு முழுக்கக் கொசு இலவசமாகச் செய்கிறது. இரண்டு வரையறைக்கும் அதிவியாப்திக் குற்றம் உண்டு. ஆகவே, ‘காசு கொடுத்து வாங்கிக் காதில் மாட்டப்பட்டு, வீட்டார் கூப்பிடும்போது “கேக்கல” என்று சொல்லும் உரிமையைத் தருவது’ என இவ்வாய்வு வரையறுத்துக்கொள்கிறது.

ஆய்வுக்களம்: ஒரு படுக்கையறை, ஒரு மொட்டைமாடி. ஆய்வாளருக்கு வயது 57. செவிகள் இரண்டு, அவற்றில் இடது சற்று மந்தம். நிதிநல்கை ஆய்வாளரின் மகளுடையது. முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கித் தந்த ஹெட்போன்தான் இத்தனைக்கும் தூண்டுகோல்.

கருவி பிறந்த இடம் சமையலறை. இது நயத்துக்காகச் சொன்னதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் 1910இல் தம் வீட்டுச் சமையலறையில் கையாலேயே ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையினர் சோதித்துப் பார்த்துவிட்டு நிறைய வேண்டும் என்று கேட்டபோது, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் முடியாது என்றார். அடுப்படியில் நடக்கிற வேலை அவ்வளவுதான் தாங்கும். சமையலறையில் பிறந்த கருவி இன்று சமையலறைக் குரலையே முதலில் மறைப்பது நன்றி மறந்த செயல் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம். 1958இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், தாம் விற்க நினைத்த ஒரு கையடக்க ரெக்கார்டு பிளேயருக்குத் துணையாக ஸ்டீரியோ ஹெட்போனைச் செய்தார். பிளேயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சாம்பார் மறந்துபோய் அப்பளத்துக்குப் பேர் வந்த கதை. 1979இல் வந்த முதல் வாக்மேனில், இருவர் சேர்ந்து கேட்கட்டும் என்று இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள். பின்வந்த காலத்தில் இரண்டாவது துளை போயிற்று. 2016இல் ஐபோன் 7 வந்தபோது முதல் துளையும் போயிற்று. துளைகளின் வீழ்ச்சி தனி முனைவர் பட்டத்துக்கு உரியது.

வகைகள் ஐந்து: காதை மூடுவது, காதின்மேல் உட்காருவது, காதுக்குள் நுழைவது, நெக்பேண்ட், பட்ஸ். ஐந்து என்றதும் திணை பிரிக்கக் கை துறுதுறுக்கிறது. நெக்பேண்டு பாலையா மருதமா என்பதில் அறிஞர்களிடையே கைகலப்பு மூளும் என்பதால் அதைத் தவிர்க்கிறோம். பட்ஸ் நெய்தல் என்பது மட்டும் உறுதி. ஒன்று தொலைந்துவிட, மற்றது டப்பாவுக்குள் கிடந்து இரங்கிக்கொண்டிருக்கும். வயர் உள்ளவற்றுக்கு வேறொரு பொதுவிதி உண்டு. பின்னை ஒட்டிய இடத்தில் வயர் மடங்கி மடங்கி உள்ளே செம்பிழை அறும். ஒரு காது முதலில் சாகும். பிறகு வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்து ரப்பர் பேண்டு போட்டு மூன்று மாதம் ஓட்டலாம். அந்தக் கோணம் வீட்டுக்கு ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போயிருந்தால் பாட்டு இல்லை.

அடுத்து ஓம். இங்கே பிரணவம் பொருளன்று, மின்தடையின் அளவு. சாதாரண இயர்போனுக்கு 16 அல்லது 32 ஓம். ரசிகர்கள் கொண்டாடும் சென்ஹைசர் எச்டி 600க்கு 300 ஓம். அதை வெறும் செல்போனில் சொருகினால் பாடகர் கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுவார். அவரை மேலே தூக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் வந்தபின் அதற்குத் தக்க டாக், அதாவது டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் பெட்டி, வேண்டும். டாக் வந்தபின் ‘சார், கேபிள் மாத்திப் பாருங்க’ என்று சொல்ல ஒரு நண்பர் வேண்டும். இவ்வழியின் கோடியில் இருப்பது அதே நிறுவனத்தின் எச்இ 1. அதன் ஆம்ப்ளிஃபயர் கூட்டையே இத்தாலியின் கராரா பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள். கல்லைக் குடைந்து வீட்டுக்குள் வைப்பது நமக்குப் புதிதன்று. அதில் மாவும் ஆட்டினோம்.

இனி ஆய்வின் மையம். மகள் தந்த பெட்டியின்மேல் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று அச்சிட்டிருந்தது. மனிதச் செவியின் எல்லை 20 முதல் 20,000 வரை, அதுவும் இளமையில். வயது ஏற ஏற மேல்நுனியிலிருந்து தேய்ந்துகொண்டே வரும். செல்போன் செயலி ஒன்றில் கீச்சொலியை மெல்ல மெல்ல ஏற்றிச் சோதனை நடத்தினோம். 11,000ஐத் தாண்டியதும் ஆய்வாளர், “நிறுத்திட்டியா?” என்று கேட்டார். “ஓடிட்டுதான்பா இருக்கு” என்றாள் மகள். 16,000இல் அவள் இரு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஆய்வாளர் அமைதியாகத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

அற்றேல் அந்த 40,000 யாருக்கு எனின், நாய்க்கு என்க. நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை எட்டும். காசு ஆய்வாளருடைய வீட்டில் செலவாகிறது. பயன் தெருவில் படுத்திருக்கிறது. 16,000 கேட்ட வயதில் ஆய்வாளரிடம் இருந்தது பழைய டிரான்சிஸ்டரோடு வந்த ஒற்றைக் காது இயர்போன். காதுக்கும் காசுக்கும் உள்ள இந்த எதிர்விகிதத்தைக் கண்டறிந்தவர் என்ற பெருமை தமக்கே உரியது என்று ஆய்வாளர் நம்புகிறார். முன்னோர் எவரேனும் கூறியிருப்பின் பொறுத்தருள்க.

காது போகட்டும், பாட்டில் என்ன இருக்கிறது? ஆய்வாளர் கேட்பது பெரும்பாலும் அறுபதுகளின் திரைப்பாடல்கள். அவை மோனோ, இடக்காதுக்கும் வலக்காதுக்கும் ஒரே பங்கீடு. படச்சுருளின் ஒலித்தடத்தில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது. அதே பாட்டை இலங்கை வானொலியில் கேட்டவர்களுக்குச் சிற்றலையில் 5,000 தேறினாலே அதிகம். சரணத்தின் நடுவே அலை ஒதுங்கிப் போய், இரண்டாம் சரணத்தில் திரும்பி வரும். ஆக, 8,000 வரை உள்ள பாட்டை, 11,000 வரை உள்ள காதில், 40,000 வரை உள்ள கருவி ஊற்றுகிறது. படியளவு நெல்லுக்கு மூன்று வண்டி கட்டிய கதை.

இவ்விடத்தில் பானை ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. பளிங்கு கட்டுப்படியாகாத நம் ஊர் டீக்கடைகளிலும் சலூன்களிலும், மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கட்டி மூலையில் வைத்தார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று தனக்கே உரிய ஒரு தாழ்ந்த சுருதியில் அதிரும். வாய் திறந்த பானைக் காற்றின் இத்தகைய அதிர்வை இயற்பியல் நூல்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் விளக்குகின்றன. அவர் பெயரை அறியாமலே, பானையைத் தட்டிப் பார்த்து, விரலால் சுண்டிப் பார்த்து, ‘இதுல பேஸ் நல்லா வரும்’ என்று தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தார்கள். எந்தக் கருவி விமர்சகரைக் காட்டிலும் அவர்களிடமே ஆய்வாளருக்கு மதிப்பு.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் சகாக்களும் பலரைக் கேட்கவைத்து ஒன்றைக் கண்டார்கள்: நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதுபோல் ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். இம்முடிவை ஆய்வாளர் முழுமனதாக ஏற்கிறார். அறை என்பதில் மட்டும் வேறுபடுகிறார். அவருடைய செவி பழகிய அறைக்குச் சுவர் கிடையாது. அது ஆடி மாதத்து அம்மன் கோயில் கொடை. மைக்செட்காரர் வேப்பமரக் கிளையில் கட்டிய குழாய், கீழே ஆகுஜா ஆம்ப்ளிஃபயர். அந்தக் குழாய்க்கு அடியும் இல்லை, நுனியும் இல்லை. நடுவில் உள்ள குரல் மட்டும் நான்கு ஊருக்குக் கேட்கும். இரண்டு தெரு தள்ளிப் படுத்திருந்தால், காற்று திரும்பும்போதெல்லாம் பாட்டு கிட்ட வந்துவிட்டுப் போகும். புது ஹெட்போனில் இந்தக் காற்று வரவில்லை. பொத்தான்கள் அனைத்தையும் அழுத்திப் பார்த்தாயிற்று.

“எப்பிடிப்பா இருக்கு?” என்று மகள் கேட்டபோது, “பிரமாதம்மா, வயலின் ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது” என்று ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். அது பொய்யன்று, தனித்தனியாகத்தான் கேட்கிறது.

ஆய்வின் இரண்டாம் கட்டத்துக்குப் பழைய குழாய் ஒன்று தேவைப்படுகிறது. நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை. வைத்திருப்பவர்கள் தெரிவித்தால் நேரில் வந்து எடுத்துக்கொள்ளப்படும். வேப்பமரம் வீட்டிலேயே நிற்கிறது.